வயல் பணமும் கைபேசிச் சூதாட்டமும்

பயிர் நன்றாக விளைந்து, அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடை போட்டு, பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டால் அந்தப் போகத்தின் கவலை தீர்ந்தது என்றுதான் நாம் நினைப்போம். தற்சமயம் அப்படி நினைப்பதற்கில்லை. கணக்கில் ஏறிய பணம் ஒரே இரவில், வீட்டில் உள்ளவர் எவருக்கும் தெரியாமல், கைபேசி வழியாகவே கரைந்து போவதுண்டு. ஆகவே இந்த வாரம் உரம், பூச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சற்று ஒதுக்கி வைத்து, கைபேசியில் நடக்கும் காசினோ, ரம்மி முதலிய சூதாட்டங்களைப் பற்றியும், அவற்றிடமிருந்து வயல் பணத்தைக் காப்பது பற்றியும் எழுதுகிறோம்.

வட சென்னையை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று நெல் பயிரிடும் சிறு விவசாயிகளின் வீடுகள் பலவற்றில் ஒருவராவது எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் கூலிக்கோ ஒப்பந்த வேலைக்கோ போகிறவராக இருப்பார். நிலம் ஊரில், மாதச் சம்பளம் துறைமுகப் பக்கத்தில் என்று இரண்டு காலில் நிற்கும் குடும்பங்கள் இவை. மற்ற மாவட்ட விவசாயிகளுக்கும் அந்தப் பக்கம் முற்றிலும் அந்நியமானதன்று. நம் வயலுக்கு வரும் விஜய் யூரியா மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ் ஆலையில் தயாராவது. நெல் ஏற்றிச் செல்லும் லாரி எண்ணூர் அசோக் லேலண்டு ஆலையிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

அந்தப் பகுதியின் வேலைகளைக் கவனித்தால் ஒரு பொதுத் தன்மை தெரியும். எல்லாவற்றிலும் காத்திருப்பு அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக முடியாமல் மைல் கணக்கில் வரிசையாக நின்ற காலங்கள் உண்டு. ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. இராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஷிப்டு முடிந்து அடுத்த ரயில் வரும் வரை காத்திருப்பு. ரயில் ஏறிய பிறகு கும்மிடிப்பூண்டி வரை இன்னொரு காத்திருப்பு. கையில் கைபேசி, கணக்கில் சிறிது பணம், சும்மா கிடக்கும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இந்தச் சூது முளைக்கிறது. ஈரப்பதம் குறையட்டும், சாக்கு வரட்டும் என்று கொள்முதல் நிலையத்தில் நெற்குவியலுக்குக் காவலாக இரவெல்லாம் படுத்திருக்கும் விவசாயியும் அதே நிலையில்தான் இருக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பருத்தி விலையில் வைத்த பந்தயம்

சூது இந்தப் பகுதிக்குப் புதிதன்று. வட சென்னையில் காட்டன் என்று ஒரு நம்பர் சூதாட்டம் வெகு காலமாக உண்டு. போலீசார் பிடித்த செய்தி இன்றும் அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. பெயர் வந்த கதை பருத்தி விவசாயிகளுக்குச் சுவையாக இருக்கும். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி மூலம் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்கு வரும். அந்த விலையின் கடைசி இலக்கம் என்னவாக இருக்கும் என்று பம்பாயில் பந்தயம் கட்டினார்கள். 1961-ல் நியூயார்க் சந்தை அந்த வழக்கத்தை நிறுத்தியது. விலை வருவது நின்றுவிட்டதே என்று சூது நின்றுவிடவில்லை. பானையில் சீட்டுப் போட்டு எடுத்து நம்பரை அறிவித்தார்கள். மட்கா என்ற பெயர் அந்தப் பானையால் வந்தது. பருத்தியும் போய், சந்தையும் போய், நம்பர் மட்டும் மிஞ்சியது.

அதற்கும் முன்னால் கல்கத்தாவில் மழையின் மேலேயே பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இன்று இத்தனை மணிக்குள் மழை பெய்து கூரைத் தண்ணீர் வழியுமா வழியாதா என்பது பந்தயம். 1897-ல் வங்காள அரசு தனிச் சட்டம் போட்டு இதைத் தடை செய்தது. மழையை எதிர்பார்த்து விதைத்தவன் வானத்தைப் பார்த்திருக்க, அதே மழையில் நகரத்தில் ஒருவன் பணம் கட்டிக்கொண்டிருந்தான்!

தமிழ்நாட்டில் 1968-ல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. பிறகு தனியார் சீட்டுகளும் வெளி மாநிலச் சீட்டுகளும் பெருகி, கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கும் வழக்கம் பரவியது. 2003 ஜனவரியில் மாநில அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையை அடியோடு தடை செய்தது. அந்நாளில் சீட்டு வாங்க வேண்டுமானால் கடைக்கு நடந்து போக வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள். கையில் உள்ள காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. சீட்டாடும் மடமானாலும், குதிரைப் பந்தயமானாலும் இந்த மூன்று வேலிகள் இருந்தன: போகும் தூரம், பார்க்கும் கண், தீரும் காசு. கைபேசி இந்த மூன்று வேலிகளையும் பிடுங்கிவிட்டது. படுக்கையில் கிடந்தபடியே ஆடலாம், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது, கையில் உள்ள காசோடு நில்லாமல் கணக்கில் உள்ளதெல்லாம் ஒரு விரல் அழுத்தலில் போய்ச் சேரும். இந்தச் சூது இவ்வளவு விரைவாக வளர்ந்ததற்கு இதுவே முதற் காரணம் என்பது எமது கருத்து. 2020-ல் கொரோனா ஊரடங்கில் வேலையும் இல்லாமல் வெளியே போகவும் முடியாமல் கிடந்த மாதங்கள் இதற்கு மேலும் உரமிட்டன.

மரக்காலில் ஒரு பிடி குறைவு

காசினோ ஆட்டத்தில் ஏமாற்று நடந்தால்தான் தோற்போம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஏமாற்றே இல்லாமல், நாணயமாக நடந்தாலும் ஆடுகிறவர் தோற்றே தீருமாறு கணக்கு அமைந்துள்ளது. ரூலெட் என்ற சக்கர ஆட்டத்தைப் பார்ப்போம். சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் 100 ரூபாய் கட்டி அந்த எண்ணே விழுந்தால், கட்டிய நூறும் சேர்த்து 3,600 ரூபாய் தருவார்கள். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் 37 எண்களிலும் நூறு நூறாகக் கட்டிப் பாருங்கள். கட்டியது 3,700; எந்த எண் விழுந்தாலும் கிடைப்பது 3,600. ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கடைக்காரன் பிடித்துக்கொள்கிறான். மரக்காலில் ஒவ்வோர் அளவைக்கும் ஒரு பிடி குறைத்து அளப்பதைப் போன்றது இது. ஓர் அளவையில் தெரியாது; களம் முழுவதும் அளந்து முடித்தால் தெரியும்.

கைபேசியில் சக்கரம் மிக வேகமாகச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு நூறு ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்தில் 18,000 ரூபாய் கைமாறுகிறது. அதில் சராசரியாக 486 ரூபாய் கடைக்காரனுக்கு. ஒரு நாள் கூலி ஒரு மணி நேரத்தில்! பழம், மணி, 7 என்ற படங்கள் உருளும் ஸ்லாட் ஆட்டங்களில் பிடித்தம் பொதுவாக இதைவிட அதிகம். இவ்வளவும் நாணயமான சக்கரம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. கைபேசியில் சக்கரமும் இல்லை, குண்டும் இல்லை. எந்த எண் விழ வேண்டும் என்பதைச் சொல்லும் கம்ப்யூட்டர் கடைக்காரனிடமே இருக்கிறது. வெளிநாட்டில் உட்கார்ந்து நடத்துகிறவனின் தராசை முத்திரை போட்டுச் சோதிக்க நம் ஊர் எடையளவு ஆய்வாளர் போக முடியாது.

ரம்மியில் திறமை உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் பணம் வைத்து ஆடும் மேசையில் நிறுவனம் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் தலைக்கு 100 ரூபாய் போட்டால் 600. அதில் 60 மேசைக்கு. பத்து ஆட்டம் முடிந்தால் மேசைக்கு 600 சேர்ந்துவிடும். ஆறு பேர் கையிலும் உள்ள மொத்தப் பணம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். திறமைசாலி ஒருவர் ஜெயிக்கிறார் என்றால் மற்ற ஐவர் தங்கள் பணத்தையும் இழந்து, மேசைப் பங்கையும் சுமக்கிறார்கள் என்று பொருள்.

விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டும் முறை ஒன்றைச் சிலர் ரகசியம் போலச் சொல்லித் தருகிறார்கள். கறுப்பு அல்லது சிவப்பில் 100 கட்டு. தோற்றால் 200, பிறகு 400, பிறகு 800 என்று கட்டிக்கொண்டே போ. ஒரு முறை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்பது உபதேசம். ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபாய். எட்டாவது முறை 12,800 கட்ட வேண்டும். அது ஜெயித்தால் மிஞ்சும் லாபம் எவ்வளவு தெரியுமா? தொடக்கத்தில் ஆசைப்பட்ட அதே 100 ரூபாய்தான். ஏழு முறை தொடர்ந்து தோற்பது நூற்றுக்கு ஒரு தடவை வாக்கில் நேரும். ஒரே இரவில் நூறு தடவை இதைத் தொடங்க முடியும் என்பதால் அது இன்றோ நாளையோ வந்தே தீரும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த ஏழு தோல்வியில் ஐந்து குவிண்டாலுக்கு மேல் நெல் போய்விடுகிறது.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்களும் விட முடியாமல் தவிக்கிறார்களே, ஏன்? 1950-களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு விடை தருகின்றன. பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை முறை கொத்தினால் கட்டாயம் விழும் என்று ஒழுங்காக இருந்தபோது தானியம் வாங்கிய புறா சிறிது ஓய்ந்து நின்றது. எப்போது விழும் என்று தெரியாமல், ஒருமுறை உடனே, ஒருமுறை வெகு நேரம் கழித்து என்று விழுந்தபோதோ புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் வெகு நேரம் கொத்தியது. கைபேசி ஆட்டம் இந்தப் பொத்தானைத்தான் நம் விரலுக்கடியில் வைக்கிறது. முதல் வாரத்தில் இருநூறு, முந்நூறு ஜெயிக்க நேர்ந்துவிட்டால் போதும். மூன்று படத்தில் இரண்டு ஒன்றாக வந்து மூன்றாவது ஒரு மயிரிழையில் தவறுவதைப் பார்த்தால், தோற்றோம் என்று தோன்றாது. நெருங்கிவிட்டோம் என்றே தோன்றும்.

புதிதாகச் சேருவோருக்கு 1,000 ரூபாய் போனஸ் என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அந்த ஆயிரத்தை எடுக்க வேண்டுமானால் அதைப் போல 30 மடங்கு ஆட வேண்டும் என்று பொடி எழுத்தில் நிபந்தனை இருந்தால், 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். ரூலெட்டின் பிடித்தப்படி பார்த்தாலே அதில் 810 ரூபாய் போய்விடும். ஸ்லாட்டில் ஐந்து சதவீதம் பிடித்தம் என்றால் 1,500 போகும். ஆயிரம் ரூபாய் இனாமுக்கு ஆயிரத்து ஐந்நூறு செலவு.

சட்டம் வந்த வழி

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் மூலம் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடை செய்தது. 2021 பிப்ரவரியில் அதுவே சட்டமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆட்டங்கள் மீண்டும் தலைதூக்கின. 2022 ஜூன் தொடக்கத்தில் வட சென்னையில் இளம் பெண் ஒருவர் இணைய ரம்மியில் நகையையும் பணத்தையும் இழந்து உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி மாநிலத்தை உலுக்கியது. சில நாட்களில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அம்மாதமே அறிக்கையும் வந்தது. அதன் பேரில் எழுந்த சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரல் 21-ல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் சூதாடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம் என்று அது கூறுகிறது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்றன. நள்ளிரவுக்கு மேல் விட்டதைப் பிடிக்க ஆடுவதே பெருங்கேடு என்பதை உணர்ந்து போட்ட விதி அது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. பெயர் பெற்ற இந்திய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுதோறும் 20,000 கோடி ரூபாய் அளவுக்கு இழக்கிறார்கள் என்று மத்திய அரசு அப்போது கூறியது. தலைக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 450 ரூபாய் கூட ஆகவில்லையே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாவட்டத்தில் சராசரி மழை பெய்த ஆண்டிலும் நம் ஏரி வறண்டு கிடந்ததுண்டு.

பாதுகாப்பாக ஆடுவது எப்படி என்று கேட்போருக்கு இதனால் ஒரே விடைதான் மிஞ்சுகிறது. இன்று உங்கள் கைபேசிக்கு வாட்ஸ்அப், டெலிகிராம் மூலம் வரும் காசினோ அழைப்பு சட்டத்துக்குப் புறம்பான கடையிலிருந்து வருவது. ஜெயித்த பணத்தைத் தரவில்லை என்றால் போய்க் கேட்க அலுவலகம் கிடையாது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் கோப்பை இறக்கிப் போட்டால், அது ஆட்டத்தோடு நிற்காமல் வங்கிச் செய்திகளையும் படிக்கலாம். ஜெயித்த தொகையை எடுக்க முதலில் வரி கட்டு என்று எவர் கேட்டாலும் அது மோசடி. வரி என்பது ஜெயித்த தொகையில் பிடிப்பது. முன்கூட்டிக் கட்டச் சொல்வதில்லை. பொழுதுபோக்குக்குச் சீட்டு ஆட வேண்டுமானால் பணமில்லா ஆட்டத்தோடு நிற்கலாம். அதிலும் சிப் தீர்ந்துவிட்டது, பத்து ரூபாய்க்கு வாங்கு என்று கேட்டால் அங்கேயே மூடிவிடுவது நல்லது.

பூச்சிமருந்துப் பெட்டி போல ஒரு பூட்டு

சந்துரு குழுவில் இடம்பெற்ற மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986-ல் சென்னையில் சிநேகா அமைப்பை நிறுவியவர். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கும் முறையை அவருடைய குழுவினர் சோதித்துப் பார்த்தனர். ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி, தனிச் சாவி. மருந்து தேவைப்பட்டால் நடந்து போய்த் திறந்து எடுத்து வர வேண்டும். அந்தச் சிறு தூரமும், அந்தச் சிறு நேரமும், அங்கே இருக்கும் இன்னொரு மனிதரும் உயிர்களைக் காக்க உதவியதாக அந்த ஆய்வு கண்டது. கைபேசி பிடுங்கிய வேலிகளைப் பணத்தைச் சுற்றி மீண்டும் நடுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

வயல் பணத்துக்கு ஒரு கணக்கு, அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரிப்பது முதல் வேலை. நெல் கொள்முதல் பணம், பி.எம். கிசான் தவணையாக வரும் 2,000 ரூபாய், பயிர்க் காப்பீட்டுத் தொகை, பயிர்க் கடன் ஆகியவை வரும் கணக்கை யூபிஐ செயலியில் இணைக்கவே கூடாது. அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்காமல் இருக்கலாம். வாங்கியிருந்தால் பத்திரம், பட்டாவோடு பெட்டியில் இருக்கட்டும். யூபிஐ பின் நம்பர் புதிதாகப் போட அட்டையின் எண்களோ ஆதார் வழியோ தேவைப்படும்; எப்படியானாலும் வங்கியில் பதிந்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கணக்கில் பதியும் எண், வீட்டில் நிதானமுள்ள ஒருவர் வைத்திருக்கும் பட்டன் போனாக இருப்பது சாலச் சிறந்தது. பணம் ஏறினாலும் இறங்கினாலும் செய்தி அவருக்கு வரும். விதை வாங்க வேண்டுமா, வங்கிக்குப் போய்ப் படிவம் எழுதி எடுக்க வேண்டும். இது தொல்லைதான். அந்தத் தொல்லைதான் இங்கே வேலி.

இரண்டாவது கணக்கில் ஒரு வாரச் செலவுக்கு மேல் வைக்க வேண்டாம். வழக்கமாக நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை யூபிஐ மூலம் அனுப்ப முடிகிறது. சிறு விவசாயிக்கு இவ்வளவு பெரிய மடை எதற்கு? உச்சவரம்பைக் குறைக்க வழியுண்டா என்று உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள். செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத நிறுவனம் தானாகப் பணம் பிடிக்க அனுமதி பெற்றிருந்தால் நீக்கிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் விளையாட எடுக்கும் கைபேசியில் பணம் அனுப்பும் செயலியே இல்லாதிருப்பது நல்லது. அவர்கள் பின் நம்பரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு ஒரு வாரம் கூட ஆகாது.

கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள்

சூதாடாதவர்களும் சிக்கும் வலை ஒன்று உண்டு. உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடு, மாதம் சில ஆயிரம் கமிஷன் தருகிறேன் என்று வேலை தேடும் இளைஞர்களிடம் கேட்பார்கள். சூதாட்டக் கும்பலின் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். சத்தீஸ்கர் மாநிலத்தவர் துபாயிலிருந்து நடத்தியதாக அமலாக்கத் துறை வழக்குத் தொடர்ந்த மகாதேவ் செயலி விவகாரத்தில் இப்படிப் பிறர் பெயரிலான கணக்குகள் ஏராளமாகப் பயன்பட்டதாகக் கூறப்பட்டது. அந்தச் செயலி உட்பட 22 சூதாட்டத் தளங்களை 2023 நவம்பரில் மத்திய அரசு முடக்கியது. போலீசார் தேடி வரும்போது கையில் அகப்படுவது கணக்குக்கு உரியவர்தான். கணக்கு முடக்கப்பட்டால் அதில் வர வேண்டிய கிசான் தவணையும், வெள்ள நிவாரணமும் சேர்ந்தே முடங்கும். ஊரில் உள்ள தகப்பனார் கணக்கையே மகன் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கச் சில குறிகள் உண்டு. இலைச் சுருட்டுப் புழுவை இலையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அது போலக் கவனித்துப் பார்க்க வேண்டும். கைபேசியைக் கவிழ்த்து வைப்பது, இரவில் தூக்கமில்லாமை, அடகு வைத்த நகைக்குக் காரணம் மாற்றி மாற்றிச் சொல்வது, உரக்கடைப் பாக்கி கட்டியாயிற்று என்று சொல்லியும் கடைக்காரர் கேட்பது, பெயர் தெரியாத கடன் செயலிகளிலிருந்து மிரட்டல் அழைப்பு வருவது ஆகியவை அவை. உடனே சத்தம் போட்டு, நாலு பேர் முன்னிலையில் அவமானப்படுத்துவது மிகத் தவறு. சூதாட்ட வெறி ஒரு மனநோய் என்று உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. வட சென்னைப் பக்கத்தில் இருப்போர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ காட்டலாம். மற்றவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, உடனே 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ, 104 என்ற அரசு எண்ணையோ, சிநேகாவின் 044-24640050 என்ற எண்ணையோ அழைக்கவும். பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930 என்ற எண்ணை முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பது முக்கியம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.

கடனை அடைக்கும் முறையிலும் கவனம் தேவை. இந்த ஒரு தடவை மட்டும் என்று கேட்பவர் கையில் பணத்தைக் கொடுத்தால், அதையும் கட்டி விட்டதைப் பிடிக்கும் ஆசை அவரை விடாது. முதலில் மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுத வைக்க வேண்டும். முதல் நாள் சொல்வது பெரும்பாலும் பாதிதான் இருக்கும். பிறகு கடன் கொடுத்தவருக்கே நேரில் கட்டி ரசீது பெற வேண்டும். கூட்டுறவுச் சங்க நகைக்கடன், தண்டல், மகளிர் குழுக் கடன் என்று வரிசைப்படுத்தி, வட்டி அதிகமானதை முதலில் முடிக்கலாம். அவசரத்தில் நிலத்தை விற்பதை மட்டும் இரண்டு போகமாவது தள்ளிப் போடுங்கள். அதற்குள் அவர் ஆட்டத்தை விட்டாரா இல்லையா என்பது பட்டன் போனில் வரும் செய்திகளிலிருந்தே தெரிந்துவிடும்.